நாச்சியார் குளம் கேட்ட புறணி

தட்டாம்பேரியில் சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், ஊர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாயை விரிக்கிற நேரத்தில், நாச்சியார் குளம் எழுந்து நின்று, முதுகில் ஒட்டியிருந்த பாசியை ஒருதரம் உதறிக்கொண்டு, கிழக்குக் கரையைத் தாண்டி நடந்து போயிற்று. அவசரமாகப் போகவில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சொல்லிக்கொள்ள ஆள் அகப்படாமல் கிளம்புகிற விருந்தாளி மாதிரிப் போயிற்று. பஜார் முக்கில் டவுன் பஸ் நின்று அதற்கு வழி விட்டது. பின்னால் ஹாரன் அடித்த லாரிக்காரனிடம் கண்டக்டர் தலையை நீட்டி, "குளம் போவுதுல்லா, செத்தப் பொறும்வே" என்று கோபித்துக்கொண்டார். குளித்துக்கொண்டிருந்த இரண்டொரு பேர் தலையில் சோப்பு நுரையோடு வெறும் சேற்றில் நின்று, அது போன திசையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார்கள். மீன்கள் குளத்தோடேயே போய்விட்டன. தவளைகள் மட்டும் சாயங்காலம் வரை யோசித்துவிட்டுக் கூட்டமாகக் கிளம்பிப் போயின. நாலுவழிச் சாலைக்கு அந்தப்புறம், சிமெண்ட் குடோனுக்குப் பின்னால், உடைமரம் மண்டிக் கிடந்த தரிசில் போய் உட்கார்ந்த குளம், இடம் சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் அசைந்து பார்த்துக்கொண்டு, அப்புறம் அலையில்லாமல் படுத்துவிட்டது.

அதை முதலில் ஊருக்குள் சொன்னவர் மந்திரவாதி சொரிமுத்து. சலூன் நாற்காலியில் ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் மழிக்காமலும் இருந்தவர், கழுத்துத் துணியோடு எழுந்து ஓடி, தெருத் தெருவாகச் சேதி சொல்லிவிட்டார். குளம் நாலுவழிச் சாலையைத் தாண்டுவதற்குள் சேதி ஊரைத் தாண்டியிருந்தது.

ஏன் போயிற்று என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை சென்ட் தேறும் என்றுதான் கேட்டார்கள்.

சேறு காயும் முன்பே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அளவு டேப்போடு உள்ளே இறங்கினவர் குற்றாலிங்கம். கம்பி, சிமெண்ட் வியாபாரி. ஊர்க் கமிட்டித் தலைவர். அவருக்கு ஒரு வித்தை உண்டு. எதிரே நிற்பவர் யாரானாலும், அவருக்கே தெரியாத ஒரு பெருமையை அவரிடத்தில் கண்டுபிடித்துச் சொல்லுவார். லைன்மேனைப் பார்த்து, "நீங்க கம்பத்துல ஏறுத அழகு, தேருல சாமி ஏறுத மாதிரில்லா இருக்கு" என்பார். அன்றைக்கே அவர் கடைக்குக் கரண்ட் வரும். அதிகாரியிடம், "ஐயா கையெழுத்தைப் பாத்தாலே படிச்ச மாதிரி இருக்கு" என்பார், கையெழுத்து விழும். பாறையிடம் போய் அதன் வழவழப்பைப் புகழ்ந்தால் அது கொஞ்சம் தள்ளி உட்காரும் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால் இதை ஊரில் யாரும் மந்திரம் என்று சொன்னதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செய்கிற எதையும் தட்டாம்பேரியில் மந்திரம் என்று சொல்வதில்லை.

சுண்ணாம்புக் கோடு விழுந்தது, கல் ஊன்றியாயிற்று, 'நாச்சியார் நகர்' என்று பிளெக்ஸ் ஏறியது. குளத்துக்குத் தினமும் தீபம் காட்டிய பூசாரி ஒரு மனை சொல்லி வைத்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு நாச்சியார் நகரில் வடக்குப் பார்த்த மனை உண்டு என்று சொன்னார்கள், பெண் வீட்டார் உடனே காபியில் சர்க்கரையைக் கூட்டினார்கள். இந்த ஒரு காரியத்தில்தான் ஊருக்குள் சாதிச் சண்டையே வரவில்லை என்று எல்லாரும் பெருமைப்பட்டார்கள். மனைகளைச் சாதிவாரியாகவே பிரித்திருந்ததால் சண்டைக்கு அவசியமும் இருக்கவில்லை.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. தாலுகா ஆபீசில் அதிகாரி, பட்டாக் கேட்டுப் போன கமிட்டியைப் பார்த்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் கேட்டார்: "குளம் தானாப் போச்சுங்கிறீங்க. சரி. திரும்பி வான்னு கூப்பிட்டீங்களா?"

"இல்லீங்களே" என்றது கமிட்டி.

"முறைப்படி ஆள் வச்சு மூணு தரம் கூப்பிடணும். கூப்பிட்டும் வரலைன்னாத்தான் அது கைவிட்ட குளம். அப்பத்தான் நான் எழுத முடியும்."

ஆக, குளத்தைக் கூப்பிட வேண்டும். அது வந்துவிடவும் கூடாது. தட்டாம்பேரியில் மந்திரம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, அதுதான் சங்கடம்.

மீன்காரி ஞானப்பூ இருந்தாள். அவளுடைய மந்திரம் முழுக்க வசவு. வற்றிப்போன போர்க் குழாயின் வாயில் குனிந்து, அதன் அப்பன், பாட்டன், அது முளைத்த மண் எல்லாவற்றையும் இழுத்து அவள் திட்டினால், அடியில் கிடக்கிற தண்ணீர் மானத்துக்குப் பயந்து மேலே வந்துவிடும். ரிட்டயரான ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆவுடைநாயகம் இருந்தார். அவர் மந்திரம் உத்தரவு. அடுப்படியில் எறும்பு வரிசை கண்டால் கையைப் பின்னால் கட்டி நின்று, "மேற்படி எறும்புகள் மேற்படி ஸ்தலத்தை விட்டு உடனடியாக அப்புறப்பட வேண்டியது. தவறினால் மேல்நடவடிக்கை" என்பார், எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒருவருடைய மந்திரத்தை மற்றவர் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஆவுடைநாயகத்துக்குத் திட்ட வராது. ஞானப்பூவுக்கு மேற்படி என்றால் வேறொரு படிதான் ஞாபகம் வரும்.

ஆவுடைநாயகம் மூலை மனை ஒன்று சொல்லி வைத்திருந்தார். ஆகவே, "இது என் அதிகார வரம்புக்குள் வராது" என்று விலகிக்கொண்டார். ஞானப்பூ கூடையை இடுப்பில் வைத்தபடி கமிட்டிக்கு வந்து, தான் கூப்பிடுவதாகச் சொன்னபோது குற்றாலிங்கம் எழுந்து கும்பிட்டார். "தாயி, ஒன் நாக்குக்கு முன்னால நிக்க எந்தத் தண்ணியால முடியும்? ஆனா நாச்சியார் பேரு வச்ச குளம் பாரு. வைஞ்சா சாமி குத்தமாயிரும்."

"பொம்பளை சாமிதானய்யா, வசவு அவளுக்குப் புதுசா?" என்று சொல்லிவிட்டு ஞானப்பூ போய்விட்டாள்.

அப்புறம்தான் குற்றாலிங்கம் மாலையும் பழத்தட்டுமாகச் சொரிமுத்து வீட்டுக்கு வந்தார்.

சொரிமுத்துவின் தாய்மாமன் பெரிய மந்திரவாதியாக இருந்தவர். அவர் ஒருதரம் உறுமினால் பேய் தன் பெயர், ஊர், செத்த விவரம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு ஓடும். அவருக்கு அது பொருந்தியது; சோற்றில் உப்புக் குறைந்தாலும் அதே உறுமல்தான் அவருக்கு. அவர் போன பிறகு சாட்டையும் சிவப்பு வேட்டியும் குங்குமச் சிமிழும், கூடவே அந்த உறுமலும், சொரிமுத்துவுக்குச் சொத்தாக வந்தன. சொரிமுத்துவோ நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறுகிறவர். இருட்டில் பயம் என்பதால் பேய் ஓட்டுவதைப் பகலில் வைத்துக்கொண்டார். "போறியா, இல்லியா?" என்று அவர் சாட்டையை ஓங்கினால், அது ஊருக்குக் கிளம்பும் விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி இருக்கும். ஒருதரம் பேய் பிடித்த பெண்ணொருத்தி, "நிக்கீங்களே, உக்காருங்க" என்று அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். போட்டது பேய்தான் என்று அவள் வீட்டில் சொன்னார்கள், ஏனென்றால் காபி நன்றாக இருந்ததாம்.

சொரிமுத்துவுக்கு உள்ளபடியே வந்தது ஒன்றுதான்: புறணி. யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மருமகள் எந்த நகையை எங்கே வைத்தாள், எல்லாம் தெரியும். தெரிந்ததை அவர் சொல்லுகிற அழகில் கேட்பவர்கள் அடுப்பில் வைத்ததை மறப்பார்கள். ஆனால் மந்திரவாதி வாயைக் கட்ட வேண்டும் என்பது மாமனின் கட்டளை. மனைவி பிரமாச்சிக்கும் அதே கட்சி. "சலூன்ல உக்காந்து ஊர்க்கதை பேசுத ஆளுக்கு எந்தப் பேயி பயப்படும்?" என்பாள். அதனால் தொழில் நேரத்தில் சொரிமுத்து வாய் நிறையக் கதையை அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப நின்று, மூன்றே வார்த்தை உறுமுவார். ஒன்றும் நடக்காது.

அப்படிப்பட்டவர் கழுத்தில்தான் குற்றாலிங்கம் மாலையைப் போட்டார். "வே சொரிமுத்து, ஒம்ம மாமன் பேரை நீருதான் காப்பாத்தணும். தட்சணையா மூலை மனைக்குப் பக்கத்து மனை ஒம்ம பேருக்கு."

சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. தொழில் தொடங்கின நாளிலிருந்து அவருக்கு யாரும் மாலை போட்டதில்லை. அவர்கள் இருந்தது ஒற்றை அறை. மழை வந்தால் எந்தப் பாத்திரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று பிரமாச்சிக்கு மனப்பாடம். மனை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் குற்றாலிங்கம் போன பிறகு கேட்டாள்: "ஊர்ல இத்தன பேரு இருக்காவ. ஒங்களப் போயி எதுக்குக் கூப்புடுதாவ?"

"ஒனக்கு என் அருமை தெரியல" என்றார் சொரிமுத்து. அது அவருக்கே கொஞ்சம் புதிய செய்தியாக இருந்தது.

முதல் தரம் கூப்பிட ஊரே திரண்டு போயிற்று. வீடியோக்காரர் வந்தார், ஐஸ்காரர் வந்தார், தாலுகா ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து நிழலில் உட்கார்ந்தார். சொரிமுத்து சிவப்பு வேட்டியில், நெற்றி முழுக்கக் குங்குமத்தோடு, எலுமிச்சம்பழத்தை வெட்டி வீசி, சாட்டையைச் சுழற்றி, "வா! வா! வந்துரு!" என்று உறுமினார். சாட்டை அவர் காலிலேயே பட்டது. குளம் ஓரத்தில் லேசாகச் சுருங்கி விரிந்தது, தூக்கத்தில் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி. பிறகு மறுபுறம் திரும்பிப் படுத்தது. கூட்டம் கைதட்டியது. தோற்றதற்கு இவ்வளவு கைதட்டலா என்று சொரிமுத்து மலைத்துப் போனார். குற்றாலிங்கம் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "பிரமாதம்வே, இப்பிடியே இன்னும் ரெண்டு தரம்" என்றார்.

ஆனால் சொரிமுத்துவுக்குத் தோல்வி உறைத்தது. அடுத்த தரமாவது ஜெயித்துக் காட்டவேண்டும் என்று நினைத்தவர், தன் உறுமலை நம்பாமல் ஆவுடைநாயகத்தின் வழியைக் கடன் வாங்கினார். இரண்டாம் தரம் கையைப் பின்னால் கட்டி நின்று, "மேற்படி குளம் மேற்படி இடத்துக்கு" என்று ஆரம்பித்தவருக்கு அப்புறம் எதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "மேற்படி, மேற்படி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கரையில் நின்ற கொக்கு ஒன்று அவரைக் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்துவிட்டுப் பறந்து போயிற்று. தாலுகா ஆபீஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் தரத்துக்கு முன்னால் அவர் மீன் மார்க்கெட்டுக்குப் போனார். ஞானப்பூ வாளை மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் திட்டச் சொல்லிக்குடு ஞானப்பூ."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க, என்னையத் திட்டும் பாப்போம்."

சொரிமுத்து தொண்டையைச் செருமினார். "அடியே... நீ... நல்லா இருப்பியா?"

"நல்லாத்தான் இருக்கேன், மதினி சொகமா?" என்று அவள் சிரித்தாள். "அண்ணாச்சி, வசவு நாக்குல இருந்து வராது. கோவத்துல இருந்து வரணும். ஒமக்குக் கோவமே கெடையாது, வருத்தந்தான் வருது. வருத்தத்த வச்சு வைய முடியாது. ஒம்ம மாமன் உறுமுனாரு, சரி, அவருக்கு வயித்துக்குள்ள புலி கெடந்துச்சு. ஒம்ம வயித்துல என்ன கெடக்கு? ஊர்க்கதை கெடக்கு."

"இதுலயும் தோத்தா ஊரு என்ன சொல்லும்?"

ஞானப்பூ கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "ஒமக்கு நெசமாவே தெரியாதா? தோக்கத்தான் ஒம்மைய வச்சிருக்காவ. 'அவன் கூப்பிட்டா வீட்டுப் பூனைகூட வராது, அதான் அவனைப் பிடிச்சேன்'னு குற்றாலிங்கம் புரோட்டாக் கடையில வச்சுச் சொன்னாரு. ஊருக்கே தெரியும்."

தட்டாம்பேரியில் இருக்கிற அத்தனை பேருடைய கதையும் சொரிமுத்துவிடம் இருந்தது. அவருடைய கதை மட்டும் அத்தனை பேரிடமும் இருந்திருக்கிறது, அவரிடம் இல்லாமல்.

"இன்னொண்ணும் சொல்லுதேன்" என்றாள் ஞானப்பூ, குரலைத் தாழ்த்தி. "காலம்பற மீன் எடுக்கப் போகையில பாக்கேன். அந்த ஆளு தெனம் குளத்துக் கரையில முட்டி போட்டுக் கெடக்காரு. 'அம்மா, இந்த எடத்துல நீ எவ்வளவு அம்சமா இருக்க, சமுத்திரம் தோத்துச்சு போ'ங்காரு. அதுதான் அது அசைய மாட்டேங்குது. என்னைய விட்டிருந்தாக்கூட இழுத்திருக்க முடியுமோ என்னமோ."

சொரிமுத்து வீட்டுக்குப் போகவில்லை. சாட்டை, சிமிழ் ஒன்றும் இல்லாமல், அழுக்குச் சட்டையோடு வெயிலில் நடந்து போய், சிமெண்ட் குடோனுக்குப் பின்னால் குளக்கரையில் உட்கார்ந்து அழுதார். நன்றாக அழுது மூக்கைச் சிந்தின பிறகு, அழுகிறவர்கள் செய்கிற மாதிரியே, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தது குளம்தான்.

"எனக்கு மாலை போட்டான், கேட்டியா? போட்டுட்டு புரோட்டாக் கடையில போயி என்ன பேசியிருக்கான். நல்லா இருப்பானா அவன்? அவனே யோக்கியமா? அவன் தங்கச்சி கல்யாணத்துல போட்ட சங்கிலி இருக்கே, அது..."

சங்கிலியிலிருந்து கதை அந்தத் தங்கச்சியின் நாத்தனாருக்குப் போயிற்று, நாத்தனாரிடமிருந்து அவள் வளர்த்த ஆட்டுக்கு, ஆட்டிலிருந்து அதைத் திருடினதாகப் பேரெடுத்த கறிக்கடைக்காரருக்கு, அவரிடமிருந்து உண்மையில் திருடின, இன்றைக்கும் நெற்றியில் பட்டையோடு திரிகிற பெரிய மனிதருக்கு. அவருடைய துக்கம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று அவருக்கே தெரியவில்லை. கால் பெருவிரல் ஜில்லென்றது. பார்த்தால், தள்ளி நின்றிருந்த தண்ணீர் அவர் பாதத்துக்கு வந்திருந்தது. அவர் எச்சில் விழுங்க நிறுத்தினார். தண்ணீர் முட்டியில் லேசாக ஒரு இடி இடித்தது. கதை நின்றுவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் இடிப்பார்களே, அந்த இடி.

சொரிமுத்துவுக்கு விஷயம் பிடிபட்டது. எத்தனை காலமாக அந்தப் படித்துறையில் துணி துவைத்தவர்களும் குளித்தவர்களும் பேசின பேச்செல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்த குளம் அது. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு அதனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மெல்ல எழுந்து, குளத்தைப் பார்த்தபடியே பின்னால் ஓரடி வைத்தார். "அப்ப அந்தப் பெரிய மனுசன் ஆட்டத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு..." என்றார். குளம் எழுந்து ஓரடி வந்தது.

அப்படியே வந்தார்கள், அவர் பின்பக்கமாக நடந்தபடி கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, குளம் மீனோடும் தவளையோடும் அல்லித் தண்டோடும் தலையைச் சாய்த்துக் கேட்டபடி. நாலுவழிச் சாலையில் கார்கள் நின்றன. வெளியூர்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி, விளம்பரம் எதற்கோ என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். ரைஸ்மில்லைத் தாண்டும்போது கதை ஆவுடைநாயகத்திடம் வந்திருந்தது. அதற்குள் ஊருக்குச் சேதி போய், ஆவுடைநாயகம் உட்பட அத்தனை பேரும் நாச்சியார் நகரின் விளிம்பில் வந்து நின்றுவிட்டார்கள்.

குற்றாலிங்கம் மோட்டார் சைக்கிளிலிருந்து குதித்து ஓடிவந்து, நடு ரோட்டில் முட்டி போட்டார். சொரிமுத்துவைப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "தாயே! ஒன் அழகுக்கு இந்தப் பள்ளமா? அங்க விசாலமா, மகாராணி மாதிரி இருந்தியேம்மா! ஒன் நெறமென்ன, ஒன் குளுமையென்ன!"

குளம் நின்றது. அதன் மேல் தண்ணீர் வெட்கப்பட்ட மாதிரி மினுங்கிற்று. பின்பக்கம் கிழக்கே கொஞ்சம் சாயவும் செய்தது.

"இங்க இப்பிடிச் சொல்லுதான்" என்றார் சொரிமுத்து, கதை சொல்லுகிற அதே குரலில், பொறாமையும் இல்லை, கோபமும் இல்லை. "மனை போட்ட அன்னைக்கு விருந்துல என்ன சொன்னான் தெரியுமா ஒன்னையப் பத்தி? 'நாத்தம் பிடிச்ச பாசிக் குட்டை, தொலைஞ்சுது சனியன்' அப்படின்னான். சொல்லிட்டு, சிரிச்சான். பரிமாறுன பையன் எங்கிட்டச் சொன்னான்."

குளத்தின் நடுவிலிருந்து ஒரு விரால் எழும்பி, குற்றாலிங்கத்தின் வெள்ளைச் சட்டையில் வாலால் அடித்துவிட்டுத் திரும்ப விழுந்தது.

குற்றாலிங்கம் சளைக்கவில்லை. அப்படியே முட்டியில் திரும்பி, அதே கைகூப்பலைச் சொரிமுத்துவுக்குக் காட்டினார். "வே, என்ன ஆளுவே நீரு! ஒம்ம மாமன் ஒம்ம கால்தூசிக்கு ஆவானா? குளத்தையே கட்டி இழுத்துட்டு வந்துட்டீரே! இப்பேர்ப்பட்ட மந்திரவாதிக்கு ஒரு மனை போதுமா? வீடே கட்டித் தாரேன். மாடியோட. வாசல்ல ஒம்ம பேரு."

இதுவரை யாரும் சொல்லாத வார்த்தைகள். பொய் என்று தெரிந்தும் அவை சொரிமுத்துவின் நெஞ்சுக்குள் வெல்லப்பாகு மாதிரி இறங்கின. அவர் வாய் தானாக மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தார். தங்கள் மனையில் பிரமாச்சி நின்றுகொண்டிருந்தாள். யாரிடமோ கேட்டு வாங்கின கொஞ்சம் செங்கலை ஒரு ஓரத்தில் அடுக்கி, அடுப்படி எங்கே வரும் என்று குச்சியால் கோடு போட்டிருந்தாள். அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றாள். குளம் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே காத்து நின்றது. ஆவுடைநாயகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் கதை நின்றிருந்த இடம் அவர் வீட்டு வாசல்: மதுரையில் அவர் வேலை பார்த்த காலத்துச் சிநேகிதி ஒருத்தி, டிரங்குப் பெட்டியோடு வந்து அவர் வீட்டுப் படியில் நிற்கிறாள், உள்ளேயிருந்து அவர் மனைவி கதவைத் திறந்துகொண்டு வருகிறாள்.

குற்றாலிங்கம் மூச்சு விட்டுக்கொண்டு எழுந்து, முட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டினார்.

"ஏங்க" என்றாள் பிரமாச்சி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் செங்கலைப் பார்த்தாள், குற்றாலிங்கத்தைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று அவளையும் மீறி நெளிந்தது.

"கதவத் தொறந்துக்கிட்டு வந்து, அந்த அக்கா என்ன சொன்னா?"

"பிரமாச்சி!" என்றார் குற்றாலிங்கம்.

"நீங்க சும்மா இருங்கண்ணாச்சி. ஏங்க, என்னதான் சொன்னா?"

கூட்டத்திலிருந்தும் ஒரு குரல் வந்தது, பிறகு பல குரல்கள்: "ஆமா, என்ன சொன்னாவ?" அதில் மனை சொல்லி வைத்தவர்கள்தான் அதிகம். பூசாரி முன்னால் வந்து காதைக் கொடுத்தார்.

"என்ன சொன்னாளா?" என்றார் சொரிமுத்து, அவர் குரல் தேன் மாதிரி ஒழுகிற்று. "'வாங்கக்கா. இத்தன வருசம் நான் பாத்தேன், இனிமே நீங்க பாத்துக்கிடுங்க'ன்னு சொல்லி இடுப்புல இருந்த சாவிக்கொத்த எடுத்து அந்த அம்மா கையில குடுத்தா. குடுத்துட்டு, அந்த டிரங்குப் பெட்டியக் காலி பண்ணித் தருவியளான்னு கேட்டா. காலி பண்ணி வாங்கி, தன் சேலையெல்லாம் அதுல அடுக்கிக்கிட்டு பஸ் ஏறிப் போயிட்டா. மக வீட்டுக்குப் போயிருக்கான்னு இவரு சொல்லுதாருல்லா, அது இதுதான்."

ஊரே ஒரே மூச்சில் "அடி ஆத்தீ" என்றது. அந்த மூச்சோடு மூச்சாகக் குளம், கேட்ட சந்தோஷம் தாங்காமல், தொம்மென்று தன் பள்ளத்தில் உட்கார்ந்தது. சுண்ணாம்புக் கோடுகள் கரைந்தன, கற்கள் முழுகின, பிளெக்ஸ் போர்டு மிதந்து ஒரு எருமையின் முதுகில் போய் ஒதுங்கிற்று. ஜனங்கள் அலறிக்கொண்டு கரையேறினார்கள். பிரமாச்சி இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு செங்கலை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் அழுதாள், அதற்குப் பிறகு அந்த மதுரைக்காரி இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள்.

இரண்டு நாள் ஊர் சொரிமுத்துவை அடிக்கத் தேடியது. மூன்றாம் நாள், குளத்தை மீட்டது தாங்கள்தான் என்று கமிட்டி தீர்மானித்தது. 'நீர் காத்த நேயர்' என்று குற்றாலிங்கத்துக்குப் புதுப் பிளெக்ஸ் வைத்து, தாலுகா அதிகாரி வந்து சால்வை போர்த்தினார். அவர் பேச்சில் மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்று சட்டம் சொன்ன தன்னையும் பாராட்டிக்கொண்டார். சொரிமுத்துவுக்கு அழைப்பில்லை. அவர் சாட்டையை மாட்டுக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, தினமும் சாயங்காலம் படித்துறையில் உட்கார்ந்து குளத்துக்குச் சேதி சொன்னார்.

சிக்கல் பிறகுதான் வந்தது. சொரிமுத்துவின் வாய்க்குப் பயந்து ஊர் வாயை மூடிக்கொண்டது. அவர் சலூனுக்குள் நுழைந்தால் கத்திரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் அவரைக் கண்டால் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். வேறு வழியில்லாமல் அவர் பழைய கதைகளையே குளத்துக்குத் திரும்பச் சொன்னார். ஒரு சாயங்காலம் குளம் கொட்டாவி விட்டது. கிழக்குக் கரையில் விரிசல் கண்டது. மறுநாள் அது முழங்காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்ததாக எருமை மேய்க்கிறவர்கள் வந்து சொன்னார்கள்.

சால்வை வாங்கியாயிற்று, பேப்பரில் படமும் வந்தாயிற்று, இனிக் குளம் போனால் மானம் போய்விடும். கமிட்டி கூடி முறை வைத்தது: ஒவ்வொரு நாளும் ஒரு தெரு, தன் பங்குக்குப் புதுச் சேதி கொண்டுபோய்ச் சொரிமுத்துவிடம் சேர்க்க வேண்டும். சோம்பேறித் தெருக்கள் இட்டுக்கட்டிச் சொல்லிப் பார்த்தன. குளம் பொய்யைக் கேட்டால் பாசியை மேலே தள்ளி நாறியது. ஆகவே மெய்யைத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மெய் கைவசம் தீர்ந்துபோன வீடுகளில், முறை நாள் நெருங்கும்போது, ஊருக்காக ஏதாவது ஒரு தப்பைப் புதிதாகச் செய்தார்கள். ஊர்ப் பொதுக் காரியத்தில் தட்டாம்பேரிக்காரர்கள் இவ்வளவு அக்கறை காட்டினது அதற்கு முன்னால் இல்லை. ஞானப்பூ மட்டும் தன் முறை வந்தபோது, தன்னிடம் மறைத்து வைக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் அப்போதைக்கப்போது வைது தீர்த்துவிட்டேன் என்று சொல்லி, வாளை மீன் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி அடைமழைக்கு நடுவே ஒருநாள், கம்பிக் கடைத் தெருவின் முறை வந்தது. தெருவில் மற்றவர்கள் எல்லாரும் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்கள். பாத்திரங்களில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்த ஒற்றை அறை வீட்டின் வாசலில், குடையை மடக்கிக்கொண்டு, குற்றாலிங்கம் வந்து நின்றார். ஒரு சீப்பு நாட்டுப்பழத்தைக் கீழே வைத்தார். வழக்கம்போல, இந்த வீட்டில் சொட்டுகிற மழைக்குக்கூட ஒரு சங்கீதம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். சொரிமுத்துவும் பிரமாச்சியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் பாதியில் நிறுத்தினார். பிறகு தரையில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார்.

பிரமாச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்தி, புருஷன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"யாருகிட்டயும் சொல்லிராதேயும், என்ன?" என்று குற்றாலிங்கம், தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக, யாரையும் புகழாமல் பேச ஆரம்பித்தார்.